‘பேண்டு வாத்தியம் முழங்க’ வந்தவர்களின் பெயர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் வேலூர் சைதாப்பேட்டையில் இருப்பவன். 1977 முதல் 2016 வரை பேண்டு செட்டில் டிரம்பெட் வாசித்தேன். உங்கள் பேப்பரை அதற்கும் முன்பிருந்தே படித்து வருகிறேன். முதலில் டீக்கடையில், அப்புறம் வீட்டுக்கே வாங்கி.

சித்ரா பௌர்ணமி முடிந்து இரண்டு நாள் கழித்துப் புஷ்பப் பல்லக்கு பற்றிச் செய்தி போட்டிருந்தீர்கள். நல்ல படம், கால் பக்கச் செய்தி. எந்தக் கோயில் பல்லக்குக்கு என்ன அலங்காரம், யார் தேங்காய் உடைத்துத் தொடங்கி வைத்தார்கள், விழாக்குழுவின் தலைவர், செயலாளர், பொருளாளர் யார் யார், பாதுகாப்புக்கு வந்த இன்ஸ்பெக்டர் யார் என்று எல்லாம் இருந்தது. வாசித்துக்கொண்டு வந்தவர்களைப் பற்றி மூன்றே வார்த்தைகள்: ‘பேண்டு வாத்தியம் முழங்க’.

அன்று ராத்திரி நான் மண்டித் தெரு முனையில்தான் நின்றிருந்தேன். ஒரு பல்லக்குக்கு முன்னால் ஒன்பது பேர் கொண்ட செட் வந்தது. அதில் நாலு பேரை எனக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரியும். கிளாரினெட் வாசித்தவருக்குச் சர்க்கரை வியாதி. கால் கட்டைவிரலில் கட்டு. சாமிக்கு முன்னால் வாசிக்கிறோம் என்று அந்தக் கட்டோடு செருப்பு போடாமல் நடந்தார். நீங்கள் போட்ட படத்திலும் அவர் இருக்கிறார். இடது ஓரத்தில், பாதி முகம் வெட்டுப்பட்டு.

இது சம்பந்தமாக உங்களிடம் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. அதற்கு முன் ஒரு அமெரிக்க இசைத்தட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தச் செய்தியைப் படித்த அதே வாரத்தில்தான் அதைக் கேட்டேன். இரண்டும் சேர்ந்துதான் என்னை எழுத உட்கார வைத்தன.

என் மகள் வயிற்றுப் பேரன் கோயம்புத்தூரில் படிக்கிறான். லீவுக்கு வந்திருந்தவன், “தாத்தா, டிரம்பெட்டும் சாக்ஸும் சேர்ந்து வாசிச்சது ஒண்ணு இருக்கு, வா” என்று மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். பகலெல்லாம் அடித்த வெயில் தளத்தில் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தது. நாலு வாளி தண்ணீர் ஊற்றி, ஆறவிட்டுப் பாய் போட்டோம். உள்ளங்கை அளவு ஸ்பீக்கர் ஒன்று வைத்திருந்தான். அதில் ‘பேர்ட் அண்ட் டிஸ்’ என்ற தட்டைப் போட்டான்.

பேர்ட் என்பது சார்லி பார்க்கரின் பட்டப்பெயர். ஆல்ட்டோ சாக்ஸபோன்காரர். டிஸ் என்பது டிஸ்ஸி கில்லெஸ்பி. டிரம்பெட்காரர். 1950 ஜூன் 6ஆம் தேதி நியூயார்க்கில் ஒரே நாளில் வாசித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். நான் பிறப்பதற்கு ஒன்பது வருடம் முன்னால். கூட மூன்று பேர்: பியானோ தெலோனியஸ் மங்க், பேஸ் என்கிற பெரிய தந்தி வாத்தியம் கர்லி ரஸ்ஸல், டிரம்ஸ் பட்டி ரிச். நார்மன் கிரான்ஸ் என்பவர் தயாரித்தது. பீபாப் என்கிற வேகமான ஜாஸ் முறைக்கு 1940களில் உருவம் கொடுத்தவர்களில் இந்த இரண்டு பேரும் முக்கியமானவர்கள். 1946க்கு அப்புறம் ஆளுக்கொரு குழு என்று பிரிந்துவிட்டார்கள். நடுவில் எப்போதாவது மேடையில் சேர்ந்ததோடு சரி. ஸ்டுடியோவில் இருவரும் சேர்ந்து வாசித்தது இதுதான் கடைசி என்று பேரன் சொன்னான்.

ஜாஸ் நான் அதிகம் கேட்டவன் அல்ல. ஆனால் முதல் உருப்படி தொடங்கிய உடனே பாயை விட்டு எழுந்து ஸ்பீக்கர் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். சாக்ஸும் டிரம்பெட்டும் ஒரே மெட்டை, அத்தனை வேகத்தில், ஒன்றாக வாசிக்கிறார்கள். எங்கே ஒன்று முடிகிறது, எங்கே இன்னொன்று தொடங்குகிறது என்று பிரிக்க முடியவில்லை. இது எவ்வளவு கஷ்டம் என்பது தெருவில் வாசித்தவனுக்குத் தெரியும்.

டிரம்பெட் பி பிளாட் வாத்தியம். ஆல்ட்டோ சாக்ஸ் ஈ பிளாட் வாத்தியம். நான் ‘சி’ பிடித்து ஊதும்போது வருகிற அதே சுரத்துக்கு, சாக்ஸ்காரர் ‘ஜி’ பிடிக்க வேண்டும். காகிதத்தில் இரண்டு பேருக்கும் வேறு வேறு நோட்டு, காதுக்கு ஒரே சத்தம். டிரம்பெட்டில் சத்தம் பிறப்பது உதட்டில். சாக்ஸில் ஒரு சின்ன நாணல் சீவலில். அதை நாங்கள் ரீடு என்போம். நாகஸ்வரத்துச் சீவாளிக்கு உறவுக்காரன், ஆனால் ஒற்றை இதழ். உதடு சோர்ந்தால் டிரம்பெட் சுருதி இறங்கும். வெயிலில் குழல் காய்ந்தால் சுருதி ஏறும். இந்த இரண்டையும் நடந்துகொண்டே, ஜெனரேட்டர் வண்டிச் சத்தத்துக்கு நடுவில் ஒரே சுரத்தில் நிறுத்த வேண்டும்.

எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் செட்டின் சாக்ஸ்காரர். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர், கடைசி வரை அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன். முதலில் கிளாரினெட் வாசித்தவர். மூர் மார்க்கெட் தீப்பிடித்து எரிவதற்கு மூன்று வருடம் முன்னால், 1982இல், மெட்ராஸுக்குப் போய் அங்கே பழைய சாமான் கடையில் ஒரு ஆல்ட்டோவை வாங்கி வந்தார். வாங்குவதற்கு வீட்டில் அண்ணியின் இரண்டு வளையல் போயிற்று. என்னுடையது மீரட்டில் செய்த டிரம்பெட். வட இந்தியாவில் பேண்டு வாத்தியம் செய்கிற ஊர் அது. இந்தியாவின் பாதி கல்யாணங்களில் ஊதுவது அங்கிருந்து வந்த பித்தளைதான் என்று மாஸ்டர் சொல்வார்.

கொசப்பேட்டையில் ஒரு மரக்கடைக்குப் பின்னால் தகரக் கொட்டகை ஒன்று இருந்தது. மரத்தூள் வாசனையோடுதான் பயிற்சி. முகூர்த்தம் இல்லாத நாட்களில் அண்ணன் என்னை அங்கே வரச்சொல்லி, தரையில் தன் முதுகோடு என் முதுகு ஒட்டும்படி உட்கார வைப்பார். முகம் பார்க்கக் கூடாது. கை பார்க்கக் கூடாது. அவர் மூச்சு இழுப்பது என் முதுகில் தெரியும், விலா எலும்பு விரிவது தெரியும். “நான் மூச்சு எடுக்கசொல்ல நீ எடுக்காதபா. ரெண்டு பேரும் ஒண்ணா வுட்டா பாட்டுல ஓட்ட வுழும்” என்பார். ஒரு நீளமான வரியில் அவர் ஒரு இடத்தில் மூச்சு எடுத்தால் நான் அதற்கு முந்தியோ பிந்தியோ எடுத்துக்கொள்ள வேண்டும். அப்போது கேட்கிறவருக்கு வரி அறுபடாது. இரண்டு வருடம் முதுகோடு முதுகு உட்கார்ந்தோம். அதற்கப்புறம் கோட்டைக் கோயில் வாசலில் நடந்துகொண்டு வாசித்தாலும், நடுவில் நாலு ஆள் இடைவெளி இருந்தாலும், அவர் எங்கே மூச்சு எடுப்பார் என்பது எனக்குத் தெரிந்துவிடும்.

அந்த அமெரிக்கத் தட்டில் ‘லீப் ஃபிராக்’ என்று ஒரு உருப்படி இருக்கிறது. அதில் சாக்ஸும் டிரம்பெட்டும் நாலு நாலு அளவாக மாற்றி மாற்றி வாசிக்கிறார்கள். இரண்டு தவில்காரர்கள் தனி வாசிக்கும்போது கொடுத்து வாங்குவார்களே, அந்த மாதிரி. “செம போட்டி இல்ல தாத்தா?” என்றான் பேரன். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. இன்னொரு முறை போடச்சொல்லி, டிரம்பெட் முடிகிற இடத்தில் சாக்ஸ் எதைப் பிடித்துக்கொண்டு தொடங்குகிறது என்று கேட்டேன். ஒருவர் விட்ட இடத்திலிருந்துதான் இன்னொருவர் எடுக்கிறார். தோற்கடிக்க நினைப்பவன் அப்படி எடுக்க மாட்டான், தன் சரக்கைத்தான் கொட்டுவான். அதைப் பல தடவை முயன்று பார்த்துத்தான் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பாதியில் நின்றுபோன முயற்சிகளும் பின்னாளில் வெளிவந்த தட்டுகளில் இருக்கின்றன, பேரன் அதையும் போட்டான். தொடங்கி, நின்று, மறுபடி தொடங்கி. கொட்டகையில் நாங்கள் செய்தது அதேதான்.

டிரம்ஸ்காரர் பட்டி ரிச் பெரிய கை. ஆனால் சில இடங்களில் அவர் கொஞ்சம் அதிகமாகவே வாசிக்கிறார் என்று எனக்குப் பட்டது. மங்க் அதற்கு நேர் எதிர். நாலு சுரம் வைத்துவிட்டு இடம் விட்டுவிடுகிறார். சைடு டிரம்காரர் ஒருவரும் கிளாரினெட்காரர் ஒருவரும் எங்கள் செட்டில் அதே மாதிரி இருந்தார்கள்.

கில்லெஸ்பியின் படத்தைப் பேரன் போனில் காட்டினான். கன்னம் தவளை மாதிரி உப்பியிருக்கிறது. டிரம்பெட்டின் வாய் மேலே பார்த்து வளைந்திருக்கிறது. இந்தத் தட்டுக்கு வாசித்தபோது அது நேராகத்தான் இருந்ததாம். 1953 ஜனவரியில் அவர் மனைவியின் பிறந்தநாள் விருந்தில் யாரோ டிரம்பெட் மேல் விழுந்து அது வளைந்துவிட்டது. வாசித்துப் பார்த்தால் தன் சத்தம் தனக்கே நன்றாகக் கேட்கிறது என்று, அதற்கப்புறம் அப்படியே வளைத்துச் செய்யச்சொல்லி வாங்கினார். என்னுடையதும் ஒருமுறை வளைந்தது. 1988இல் காட்பாடியிலிருந்து திரும்பும்போது ஜீப்பின் பின்பக்கத்திலிருந்து விழுந்து, மணி மாதிரி விரிந்திருக்கும் வாய் ஒரு பக்கம் மடங்கிவிட்டது. லாங்கு பஜார் பக்கம் பித்தளைக் குடம் ஒடுக்கு எடுப்பவர் ஒருவர் இருந்தார். அவரிடம் கொண்டுபோனேன். டிரம்பெட் அவர் பார்த்தது இல்லை. கருவேலங்கட்டை ஒன்றைச் செதுக்கி, வாய்க்குள் சொருகி, மரச் சுத்தியால் தேங்காய் ஓட்டைத் தட்டுவது போல மெதுவாக, சுற்றிச் சுற்றி ஒரு மணி நேரம் தட்டினார். “ஊதுப்பா, குடத்துல ஓட்ட இருக்கானு தண்ணி ஊத்திப் பாப்போம், இதுக்கு நீதான் ஊதணும்” என்றார். ஊதினேன். சரியாக இருந்தது. காசு வாங்கிக்கொள்ள மாட்டேன் என்றார். அதன் ஓரத்தில் அவருடைய சுத்தியின் பொட்டு இன்றைக்கும் வரிசையாகத் தெரிகிறது.

சரி, பெயர் விஷயத்துக்கு வருகிறேன். அந்தத் தட்டின் விவரத்தைப் பேரன் திரையில் காட்டியபோது என் மனதில் நின்றது இதுதான். ஐந்து பேர் பெயரும் இருக்கிறது. சாக்ஸ் என்பதற்கு எதிரே பெயர், டிரம்பெட்டுக்கு எதிரே பெயர், பேஸுக்கு எதிரேயும் பெயர். எழுபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, கர்லி ரஸ்ஸல் என்ற பேஸ்காரரை வேலூர் சைதாப்பேட்டையில் மொட்டை மாடியில் உட்கார்ந்திருக்கும் எனக்குத் தெரிகிறது.

இன்னொன்றும் சொன்னான். 1953 மே 15ஆம் தேதி, கனடாவில் டொரன்டோ நகரத்து மேசி ஹாலில் பார்க்கரும் கில்லெஸ்பியும் மறுபடி சேர்ந்து ஒரு கச்சேரி வாசித்தார்கள். கூட பியானோ பட் பவல், பேஸ் சார்ல்ஸ் மிங்கஸ், டிரம்ஸ் மேக்ஸ் ரோச். அன்று ராத்திரி சிகாகோவில் பெரிய குத்துச்சண்டை, மார்சியானோவுக்கும் வால்காட்டுக்கும். அதனால் அரங்கம் நிறையவில்லை. பார்க்கர் அன்று வாசித்தது கிராஃப்டன் என்ற பிளாஸ்டிக் சாக்ஸபோன். பிளாஸ்டிக்! அது பின்னாளில், 1994இல், லண்டனில் ஏலத்துக்கு வந்து 90 ஆயிரம் பவுண்டுக்கு மேல் போயிருக்கிறது. அந்தக் கச்சேரியை மிங்கஸும் ரோச்சும் தங்கள் சொந்தக் கம்பெனியில் தட்டாக வெளியிட்டார்கள். பார்க்கருக்கு வேறு கம்பெனியோடு ஒப்பந்தம் இருந்ததால் அவர் பெயரை அதில் போட முடியாது. என்ன செய்தார்கள் தெரியுமா? சார்லி சான் என்று போட்டார்கள். சான் என்பது அவருடைய துணைவியின் பெயர். போடக்கூடாது என்ற கட்டாயத்திலும் அந்த இடத்தை வெறுமையாக விடவில்லை. சாக்ஸபோன் வாசித்தது ஒரு மனிதன் என்பதற்கு அடையாளமாக ஏதோ ஒரு பெயரை வைத்தார்கள். பார்க்கர் 1955இல், 34 வயதிலேயே இறந்துவிட்டார். கில்லெஸ்பி 1993 வரை இருந்தார்.

இவர்கள் எல்லாம் பெரிய மேடைக்காரர்கள், தெரு பேண்டோடு சேர்த்துப் பேசலாமா என்று யாராவது கேட்கலாம். ஜாஸ் வளர்ந்ததில் பாதி தெருவில்தான். நியூ ஆர்லியன்ஸ் ஊரில் சாவுக்குப் பேண்டு வாசிப்பார்கள். போகும்போது மெதுவான துக்கப் பாட்டு, அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ளல் பாட்டு. லூயி ஆம்ஸ்ட்ராங் சிறுவனாக இருக்கும்போது 1913இல் அங்கே சீர்திருத்தப் பள்ளி ஒன்றில் அடைத்தார்கள். அந்தப் பள்ளி பேண்டில்தான் ஊதக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொடுத்தவர் பீட்டர் டேவிஸ். சீர்திருத்தப் பள்ளி வாத்தியார் ஒருவரின் பெயரை நூறு வருடமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்பதைக் கேட்டு எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது.

நம் பக்கமும் பெயர் இருக்கிறது, இல்லாமல் இல்லை. சாக்ஸபோன் என்றால் கத்ரி கோபால்நாத் என்று குழந்தைகூடச் சொல்லும். நாகஸ்வரக் குடும்பத்தில் பிறந்து, மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டு ஆசைப்பட்டு, அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தவர். பத்மஸ்ரீ வாங்கினார். 2008இல் ருத்ரேஷ் மகந்தப்பா என்ற அமெரிக்க ஜாஸ் சாக்ஸ்காரரோடு சேர்ந்து தட்டு ஒன்றும் போட்டார். 2019இல் அவர் இறந்தபோது நீங்களே பெரிதாக எழுதினீர்கள். அதை வெட்டி வைத்திருக்கிறேன். கவனியுங்கள், அவருடைய ஆசைக்கு விதை போட்டதும் ஒரு பேண்டுதான். அன்று அந்த அரண்மனை பேண்டில் சாக்ஸ் வாசித்தவர் யார் என்று தேடிப் பார்த்தேன். எனக்குக் கிடைக்கவில்லை.

எங்கள் கணக்கு நோட்டில் எப்படி எழுதுவார்கள் என்று சொல்கிறேன். ‘டிரம்பெட் 2, சாக்ஸ் 1, கிளா 2, சைடு 2, பேஸ் 1, ஜால்ரா 1.’ எங்களுக்குப் பேஸ் என்றால் பேஸ் டிரம். அவ்வளவுதான். கல்யாணப் பத்திரிகையில் நாகஸ்வர வித்வான் பெயர் வரும், சமையல்காரர் பெயர்கூடச் சில பத்திரிகைகளில் வரும். பேண்டு என்று மட்டும் வரும். ஒரு மண்டபத்தில் எங்களைப் பந்தியில் உட்கார வேண்டாம் என்று சொல்லி, சாப்பாட்டைப் பொட்டலமாகக் கொடுத்தார்கள். அதெல்லாம் போகட்டும். அதைப் பற்றி எழுத நான் உட்காரவில்லை.

அண்ணன் 2009இல் காலமானார். போன வருடம் அவருடைய மகள் என்னிடம் வந்து, “சித்தப்பா, அப்பா வாசிச்சது எங்கனா இருக்கா? எம்பொண்ணு கேக்குறா” என்றாள். யோசித்துப் பார்த்தேன். அண்ணன் முப்பது வருடத்துக்கு மேல் வாசித்தார். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் மேல்விஷாரத்திலும் நிக்காஹ் ஊர்வலங்கள், குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, வேலூரில் எத்தனையோ மாப்பிள்ளை அழைப்பு. ஆனால் அவர் சத்தம் ஒரு நிமிடம்கூட எங்கள் யாரிடமும் இல்லை. அப்புறம் ஞாபகம் வந்தது. 1994இல் குடியாத்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு வீடியோ எடுத்தார்கள். வீடியோக்காரர் விளக்கு வைத்து அண்ணனுக்குப் பக்கத்தில் வெகுநேரம் நின்று எடுத்தார். அந்த வீட்டை விசாரித்துப் பிடித்தோம். மாப்பிள்ளையாக இருந்தவருக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. நல்ல மனிதர், பீரோவில் புடவைக்கு அடியில் இருந்த கேசட்டை எடுத்துக் கொடுத்தார். அதை சிடியாக மாற்றி, நானும் அண்ணன் மகளும் பேத்தியும் என் வீட்டில் போட்டுப் பார்த்தோம்.

ஊர்வலம் வந்தது. அண்ணன் வந்தார். மெரூன் கோட்டு, தொப்பி, நெற்றியில் வியர்வை. கேமரா அவர் கை வரைக்கும் கிட்டப் போகிறது. சத்தம் மட்டும் அவருடையது இல்லை. ஊர்வலம் முழுக்க ஒரு சினிமாப் பாட்டை ஓட்டிவிட்டார்கள். அந்தக் காலத்தில் எல்லாக் கல்யாண வீடியோவிலும் அப்படித்தான். வாசித்த சத்தத்தை அழித்துவிட்டு, மேலே கேசட் பாட்டு.

அண்ணன் மகள் ஒன்றும் பேசவில்லை. நான் சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். அவர் விரலைப் பார்த்தேன். சாக்ஸில் இடது கையில் ஒரு விரல் மூடினால் ‘பி’. இரண்டு விரல் ‘ஏ’. மூன்று விரல் ‘ஜி’. எத்தனை வருடம் பக்கத்தில் நின்றிருக்கிறேன், அந்த விரலை எனக்குப் படிக்கத் தெரியும். மூன்று, இரண்டு, மூன்று, ஒன்று. அப்புறம் வலது கையும் சேர்ந்து இறங்கியது. நாலு வரி பார்த்ததும் என்ன பாட்டு என்று தெரிந்துவிட்டது. பாடிக் காட்டினேன். மேல் ஸ்தாயியா கீழ் ஸ்தாயியா என்பது மட்டும் தெரியவில்லை. அதை முடிவு செய்வது கட்டைவிரல், அது வாத்தியத்துக்குப் பின்னால் மறைந்திருந்தது. ஒரு இடத்தில் அவர் தோள் ஏறியது. அங்கே மூச்சு எடுக்கிறார். நான் பாடுவதை நிறுத்தாமல் அந்த இடத்தைத் தாண்டிப் போனேன், பழக்கம். பேத்திக்குப் பத்து வயது. “தாத்தா சத்தம் எப்டி இருக்கும்?” என்று கேட்டாள். சொல்லப் பார்த்தேன், சொல்ல வரவில்லை.

அதனால்தான் அந்த அமெரிக்கத் தட்டைக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. பேரன் பயந்துவிட்டான்.

என் விண்ணப்பம் இதுதான். உங்கள் நிருபர்கள் திருவிழா, ஊர்வலம் பற்றி எழுதும்போது, வாசித்த செட்டின் மாஸ்டரிடம் ஒரு நிமிடம் பேசி, யார் யார் என்ன வாசித்தார்கள் என்று பெயர் வாங்கிப் போடுங்கள். இடம் இருக்காது என்று சொல்ல வேண்டாம். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது பெயர் உங்கள் பத்தியில் இரண்டரை வரி. பொருளாளருக்குப் பக்கத்திலேயே அடங்கும். நீங்கள் போட ஆரம்பித்தால் கோயில் நோட்டீஸிலும் போடுவார்கள், அப்புறம் கல்யாணப் பத்திரிகையிலும் வரும். அச்சகக்காரர்கள் உங்களைப் பார்த்துத்தான் பல விஷயம் கற்றுக்கொள்கிறார்கள்.

கல்யாண வீடியோ எடுக்கும் தம்பிகளிடமும் இதன் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். ஊர்வலத்தில் பாட்டு சேர்க்க வேண்டும் என்றால் சேருங்கள். இரண்டு நிமிடம் மட்டும் நிஜச் சத்தத்தை விட்டு வையுங்கள். இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. நிற்பவர்கள் பல்லக்கை எடுக்கிறார்கள், தங்களையே எடுத்துக்கொள்கிறார்கள், கொஞ்சம் வாசிப்பவர் பக்கமும் திருப்பலாம். சீக்கிரம் செய்ய வேண்டும். செண்டை மேளமும் டிஜே வண்டியும் வந்த பிறகு பேண்டுக்கு முகூர்த்தம் பாதிக்கு மேல் போய்விட்டது. செண்டைக்காரர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, அவர்களும் தோளில் கயிறு அறுக்க நின்று வாசிப்பவர்கள்தான். சாக்ஸ் வாசிப்பவர்கள் இன்று வேலூரில் எனக்குத் தெரிந்து மூன்று பேர். ஒருவருக்கு எழுபது தாண்டிவிட்டது.

ஒன்று மட்டும். பெயர் போடும் முன் அவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்குப் பகலில் வேறு வேலை இருக்கும். சாவுக்கு வாசிப்பது பெண் கொடுத்த வீட்டுக்குத் தெரிய வேண்டாம் என்று நினைப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் சம்மதமில்லை, ஆனால் அது அவர்கள் முடிவு. அதனால்தான் இந்தக் கடிதத்திலும் யார் பெயரையும் எழுதவில்லை. தனித்தாளில் எழுதி இணைத்திருக்கிறேன். எங்கள் செட்டில் 1977க்கும் 2016க்கும் நடுவில் வாசித்தவர்கள், மொத்தம் இருபத்து மூன்று பேர். பெயர், ஊர், வாத்தியம், எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை. பதினாலு பேர் இப்போது இல்லை. சைக்கிளில் போகக்கூடிய வீடுகளுக்குப் போய்க் கேட்டேன். பக்கத்தில் டிக் போட்டிருக்கும் பெயர்களை அச்சிடச் சம்மதம் வாங்கிவிட்டேன். அண்ணன் பெயருக்கு எதிரே டிக் போட்டது அவர் பேத்தி. மற்றவர்களைக் கேட்டுவிட்டு மறுபடி எழுதுகிறேன்.

பதினோராவது வரியில் ‘பேஸ் டிரம், வாலாஜா பக்கம், 1983 முதல் 1991 வரை’ என்று இருக்கும். பெயர் இடம் காலியாக இருக்கும். எழுத மறந்ததாக நினைக்க வேண்டாம். எல்லாரும் அவரை ‘பேஸு’ என்றே கூப்பிட்டோம், நானும்தான். இடது கைக்காரர், டிரம்மை மற்றவர்களுக்கு எதிர்ப்பக்கமாக மாட்டிக்கொள்வார். காரம் சாப்பிட மாட்டார். என் அம்மா இறந்தபோது காலையில் முதல் பஸ்ஸில் வந்து, வாசித்துவிட்டு, கூலி வாங்காமல் சாயங்காலம் போனார். எட்டு வருடம் அவர் பக்கத்தில் நடந்திருக்கிறேன். அவர் பெயரை ஒருமுறைகூட நான் கேட்கவில்லை. வாலாஜா, ராணிப்பேட்டை, ஆற்காடு பக்கம் இதைப் படிப்பவர்கள் யாருக்காவது அவரை ஞாபகம் இருந்தால், தயவுசெய்து உங்கள் அலுவலகத்துக்கு எழுதச் சொல்லுங்கள். அந்த இடத்தை விட்டு வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தாளில் ஒன்பதாவது வரி, டிரம்பெட்,
சைதாப்பேட்டை, வேலூர்.